மனிதனை அளந்த மனிதர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

துப்பறியும் நாவல் படிக்காத மாணவர் நம் கல்லூரியில் ஒருவரேனும் இருப்பாரா என்பது ஐயமே. வகுப்பில் பாடப்புத்தகத்திற்குள் மறைத்து வைத்துப் படித்தவர்களும் நம்மிடையே உண்டு. ஷெர்லாக் ஹோம்ஸின் பெயரை அறியாதவர் யார்? அந்த ஹோம்ஸிடம், பாஸ்கர்வில் வேட்டை நாயின் கதையில், உதவி நாடி வரும் மருத்துவர் ஒருவர், ஐரோப்பாவின் இரண்டாவது சிறந்த நிபுணர் தாங்களே என்ற பொருள்படப் பேசிவிடுகிறார். ஹோம்ஸுக்குச் சுருக்கென்று தைக்கிறது. அப்படியானால் முதலாமவர் யார் என்று கேட்கிறார். பாரீஸ் நகரத்துப் பெர்ட்டிலான் என்று விடை வருகிறது.

ஹோம்ஸ் கற்பனை மனிதர். பெர்ட்டிலானோ உண்மையில் வாழ்ந்தவர். பிரெஞ்சுக்காரர்கள் அவர் பெயரைப் பெர்த்தியோன் என்று ஒலிப்பார்களாம். நாம் ஆங்கில நூல்களின் வழியே அறிந்த பெயராலேயே அவரை அழைப்போம். கற்பனை மனிதரின் புகழ் நூறாண்டுகளுக்கு மேல் நிலைத்துவிட்டது. உண்மை மனிதரின் புகழ் அவர் கண் முன்னேயே கரைந்தது. தடய அறிவியல் என்னும் துறையின் வரலாற்றைப் படிக்கப் புகுந்த எனக்கு, வெற்றி பெற்ற பலருடைய வரலாற்றைவிட இவருடைய வரலாறே மனத்தில் தங்கியது. காரணத்தைப் படித்து முடித்தபின் நீங்களே அறிவீர்கள்.

அல்போன்ஸ் பெர்ட்டிலான் 1853 ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் பாரீஸில் பிறந்தார். கற்றோர் நிறைந்த குடும்பம். தந்தை லூயி அடோல்ஃப் பெர்ட்டிலான் மருத்துவர், புள்ளியியல் அறிஞர், பாரீஸ் மானிடவியல் கழகத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். தாயைப் பெற்ற பாட்டனார் அஷீல் கியார், மக்கள்தொகை இயலுக்கு இன்று உலகம் வழங்கும் பெயரைச் சூட்டியவர். அண்ணன் ஜாக் பெர்ட்டிலான், மரணக் காரணங்களை வகைப்படுத்தி 1893 இல் அளித்த பட்டியல்தான் இன்றைய அனைத்துலக நோய் வகைப்பாட்டின் மூலம். வீட்டில் எந்த அறையில் நுழைந்தாலும் மண்டை ஓடுகளும் அளவு கருவிகளும் எண் பட்டியல்களுமாக இருந்தனவாம்.

இத்தகைய வீட்டில் அல்போன்ஸ் மட்டும் தறுதலைப் பிள்ளை. ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளிலிருந்து வெளியேற்றப்பட்டார். பிரிட்டனில் சில காலம் ஆசிரியர் வேலை பார்த்தார். பட்டாளத்தில் கட்டாயப் பணி செய்தார். எதிலும் நிலைக்கவில்லை. பேச்சு வராது, முகம் கொடுத்துப் பழகத் தெரியாது, சிடுசிடுப்பு வேறு. படித்த வீட்டில் பிறந்தும் படிப்பில் தோற்றவன் என்ற பெயருடன் வாழ்வது, படிக்காத வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் நம்மைப் போன்றோரின் சுமைக்கு நேர் எதிரான சுமை. எது பெரிய சுமை என்று என்னால் சொல்ல இயலவில்லை.

கடைசியில் தந்தையின் சிபாரிசால் 1879 மார்ச்சில் பாரீஸ் போலீஸ் தலைமையகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. கைதானவர்களின் அங்க அடையாளங்களை அட்டைகளில் பெயர்த்தெழுதுவதே வேலை. குளிர் காலத்தில் உறையவும் கோடையில் வேகவும் ஏற்ற ஒரு மூலையில் அவருக்கு இடம் தந்தனர்.

அந்த அட்டைகளில் என்ன இருந்தது? உயரம் நடுத்தரம், முகம் சாதாரணம், குறிப்பிடத்தக்க அடையாளம் ஏதுமில்லை. ஆயிரம் அட்டைகளைப் புரட்டினாலும் ஆயிரத்திலும் இதே சொற்கள். உடன் ஏராளமான புகைப்படங்கள். ஒருவர் நெருக்கத்தில் நின்று பிடித்தது, மற்றொருவர் எட்ட நின்று பிடித்தது, கைதி கண்ணை மூடிக்கொண்டது, முகத்தைச் சுளித்தது. ஒரு படத்தைத் தேட வேண்டுமானால் எல்லாப் படங்களையும் பார்க்க வேண்டும்.

இதில் என்ன பெரிய இடர்ப்பாடு என்று தோன்றலாம். அக்காலப் பிரெஞ்சு நாட்டின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். பழைய குற்றவாளிகளின் உடலில் சூடு போட்டு அடையாளமிடும் கொடிய வழக்கம் 1832 இல் ஒழிந்துவிட்டது. 1871 இல் பாரீஸ் கம்யூன் கிளர்ச்சியின்போது நகர மன்றக் கட்டடம் எரிந்து, பாரீஸ் மக்களின் பழைய பிறப்புப் பதிவேடுகள் சாம்பலாயின. யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். பலமுறை குற்றம் செய்தவன் ஒவ்வொரு முறையும் புதுப் பெயருடன் முதல் குற்றவாளியாக நிற்பான். சிறை முற்றத்தில் உலவிப் பழைய முகங்களை அடையாளம் காட்டும் காவலருக்குச் சன்மானம் உண்டு. சன்மானத்திற்காக யாரோ ஒருவனைக் காட்டிவிட்டால்? அடையாளம் தெரியாததால் குற்றவாளி தப்புவது ஒரு தீங்கு. அடையாளம் தவறியதால் மற்றொருவன் அகப்படுவது அதனினும் பெரிய தீங்கு.

சில மாதங்கள் எழுதி எழுதிச் சலித்த பெர்ட்டிலானுக்கு, வீட்டில் சிறு வயதில் கண்ட அளவு கருவிகள் நினைவுக்கு வந்தன. மனிதனின் உயரம், கை நீளம், தலையின் அகலம் ஆகியவை ஆளுக்கு ஆள் மாறுகின்றன. அம்மாற்றம் ஓர் ஒழுங்கில் அமைகிறது என்பதைப் பெல்ஜிய அறிஞர் கெத்தலே காட்டியிருந்தார். இருபது வயதுக்கு மேல் எலும்புகளின் அளவு பெரிதும் மாறுவதில்லை. தாடி வளர்க்கலாம், மழிக்கலாம், பெயரை மாற்றலாம். மண்டை ஓட்டின் நீளத்தை யாரால் மாற்ற முடியும்?

அவர் போட்ட கணக்கு எளிமையானது. ஓர் அளவு இருவருக்கு ஒத்திருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று என்று கொள்வோம். இரண்டு அளவுகள் ஒத்திருக்கும் வாய்ப்புப் பதினாறில் ஒன்று. இவ்வாறே பெருக்கிக்கொண்டு போனால் பதினொன்றாவது அளவில் 41,94,304 இல் ஒன்று. ஆகவே பதினொரு அளவுகள் எடுத்தால் போதும், ஆள் அகப்பட்டான்!

உயரம்; விரித்த இரு கைகளின் நீளம்; உட்கார்ந்த நிலையில் உயரம்; தலையின் நீளம், தலையின் அகலம்; வலது காதின் நீளம், அதன் அகலம்; இடது பாதம்; இடக்கை நடுவிரல், சுண்டுவிரல்; இடது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை, அதாவது நம்மவர் முழம் என்று பூ அளக்கிறார்களே, அந்த அளவு. காதின் அகலத்திற்குப் பதில் பின்னாளில் கன்ன எலும்புகளின் அகலத்தை எடுத்தார். இடப்பக்கத்தைத் தேர்ந்தது ஏனென்றால், வலக்கையால் உழைப்பவர்க்கு இடக்கை அவ்வளவாக மாறுவதில்லை.

அளப்பதை விட அளந்ததை அடுக்குவதில்தான் அவருடைய அறிவு வெளிப்பட்டது என்பேன். தலையின் நீளத்தைக் கொண்டு அட்டைகளைச் சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்றாகப் பிரித்தார். ஒவ்வொன்றையும் தலையின் அகலத்தால் மீண்டும் மூன்றாக்கினார். அடுத்து நடுவிரல். இப்படி நான்கு அளவுகளில் 81 பிரிவுகள். ஏழு அளவுகளில் 2,187. ஓர் இலட்சம் அட்டைகள் இருந்தாலும் ஓர் இழுப்பறைக்கு ஐம்பதுக்கும் குறைவாகவே சராசரி வரும். அவற்றைப் புரட்ட எத்தனை நேரம் ஆகும்? கணிப்பொறி இல்லாத காலத்தில், மர இழுப்பறைகளைக் கொண்டே ஒருவர் தேடும் பொறி ஒன்றை அமைத்தார் என்றால் அது மிகையன்று.

1879 இல் தம் திட்டத்தை எழுதி மேலதிகாரியான ஆந்திரியேயிடம் கொடுத்தார். கடைநிலை எழுத்தன் ஒருவன் மண்டை அளவும் பெருக்கல் கணக்குமாக ஏதோ கிறுக்கியிருக்கிறான் என்று கருதி அவர் ஒதுக்கிவிட்டார். இனி இத்தகைய வேலை வேண்டாம் என்று எச்சரிக்கையும் வந்தது. மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. புதிய தலைவராக வந்த கமெஸ்காஸ் 1882 இறுதியில் மூன்று மாதத் தவணையும் இரண்டு உதவியாளர்களையும் தந்தார். மூன்று மாதத்திற்குள் ஒரு பழங்குற்றவாளியையேனும் கண்டுபிடித்துக் காட்ட வேண்டும். ஒருவன் பிடிபட்டு, தண்டனை பெற்று, வெளிவந்து, மீண்டும் பிடிபட மூன்று மாதம் போதுமா? நியாயமற்ற தவணைதான். ஆயினும் பெர்ட்டிலான் மறுக்கவில்லை. அவருடைய கையெழுத்து மோசம். அட்டைகளை அழகுற எழுதி உதவியவர், பின்னர் அவர் மனைவியான ஆஸ்திரிய நாட்டுப் பெண்மணி அமேலி நோட்டார். வரலாற்று நூல்கள் இந்த அம்மையாருக்கு இரண்டு வரிக்கு மேல் ஒதுக்குவதில்லை.

தவணை முடியும் தறுவாயில், 1883 பிப்ரவரியில், துப்போன் என்று பெயர் சொல்லிக்கொண்டு ஒருவன் வந்தான். நம் ஊரில் முருகன் என்பதுபோல் அங்கே மிகப் பரவலான பெயர். பெயரை மறைப்பவர்கள் விரும்பிச் சூடிக்கொள்வது. பெர்ட்டிலான் அவனை அளந்தார். இழுப்பறைக்குப் போனார். அதே அளவுகளுடன் மார்ட்டின் என்ற பெயரில் முந்தைய டிசம்பரில் எழுதப்பட்ட அட்டை ஒன்று அவர் கைக்கு வந்தது. முதலில் மறுத்த அம்மனிதன் பின்னர் ஒப்புக்கொண்டான். அவ்வாண்டு 49 பேரும் மறு ஆண்டில் 241 பேரும் இவ்வாறே அறியப்பட்டனர். 1888 இல் அடையாளத் துறை என்று தனித் துறையே அமைந்தது. தறுதலைப் பிள்ளை அதன் தலைவரானார்.

அவர் அத்துடன் நிற்கவில்லை. கைதியை ஒரே தொலைவில், ஒரே ஒளியில், ஒரே நாற்காலியில் அமர்த்தி, நேர்முகமாக ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக இரண்டு படங்கள் எடுக்கும் முறையை வகுத்தார். காதின் மடிப்புகள் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால்தான் பக்கவாட்டுப் படத்தை வற்புறுத்தினார். குற்றம் நடந்த இடத்தை அளவுகோடுகளுடன் படமெடுத்து, படத்திலிருந்தே தூரங்களைக் கணக்கிடும் முறையும் அவருடையதே. முக உறுப்புகளைச் சொற்களாலேயே துல்லியமாக வருணிக்கும் பேசும் சித்திரம் என்ற முறையைக் காவலர்களுக்குப் பயிற்றுவித்தார்.

1892 மார்ச்சில் பாரீஸில் நீதித் துறையினர் குடியிருந்த வீடுகளில் வெடிகுண்டுகள் வெடித்தன. ரவஷோல் என்பவர் ஓர் உணவு விடுதியில் பிடிபட்டார். அரசியல் இலட்சியத்திற்காகக் குண்டு வைத்த வீரர் என்று அவரைப் போற்றியோரும் இருந்தனர். பெர்ட்டிலான் அளந்து பார்த்தபோது, சேந்த் எத்தியேன் பகுதியில் முன்பே அளக்கப்பட்டிருந்த கோனிக்ஸ்டைன் என்பவரின் அளவுகள் பொருந்தின. முதிய துறவி ஒருவரைப் பணத்திற்காகக் கொன்ற வழக்கில் தேடப்பட்டவர் அந்தக் கோனிக்ஸ்டைன். அவ்வாண்டு ஜூலையில் ரவஷோல் கில்லட்டினில் மாண்டார். பெர்ட்டிலானின் புகழ் ஐரோப்பா எங்கும் பரவியது. அமெரிக்காவும் வங்காள மாகாணமும் அவர் முறையை மேற்கொண்டன. கதையில் ஹோம்ஸுக்குப் பொறாமை வந்தது இந்தப் பெர்ட்டிலான் மீதுதான்.

இங்கே இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒரு செய்தி. முதலாண்டில் வெர்னியர் காலிப்பரைக் கொண்டு நானும் என் நண்பரும் ஒரே உலோக உருளையின் விட்டத்தை அளந்தோம். எங்கள் விடைகள் ஒத்துவரவில்லை. நான் சற்று அழுத்திப் பிடித்திருக்கிறேன். அவர் கருவியின் பூச்சியப் பிழையைக் கழிக்க மறந்திருக்கிறார். அசையாத இரும்புக்கே இந்தக் கதி என்றால், மூச்சு விடும், முரண்டு பிடிக்கும், வேண்டுமென்றே முதுகைக் கூனிக்கொள்ளும் மனிதனை அளப்பது எப்படி இருக்கும்? பெர்ட்டிலான் தம் கையால் அளந்தவரை முறை வென்றது. தொலைதூர ஊர்களில் அரைகுறைப் பயிற்சி பெற்ற காவலர் அளந்தபோது ஒரே மனிதன் இரண்டு மனிதனானான்.

இன்னொரு குறையும் உண்டு. அதைக் கண்டவர் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்ட்டன். நெட்டையானவனுக்குக் கையும் நீளமாகத்தானே இருக்கும்? பாதமும் பெரிதாகத்தானே இருக்கும்? அப்படியானால் அந்த அளவுகள் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை அல்ல. தொடர்பற்றவற்றின் வாய்ப்புகளைத்தான் அப்படியே பெருக்கலாம். நாற்பத்தொரு இலட்சம் என்ற அந்தப் பெரிய எண் காற்றடைத்த பலூன். இவ்வகைச் சிந்தனையே கால்ட்டனை 1888 இல் ஒட்டுறவு என்னும் கருத்துக்குக் கொண்டு சென்றது. நம் புள்ளியியல் தாளில் ஒட்டுறவுக் கெழு என்று ஒரு பாடம் இருக்கிறதே, அதன் பிறப்பில் பெர்ட்டிலானின் பிழைக்கும் ஒரு பங்கு உண்டு என்பது எனக்கு வியப்பளித்தது.

பெருக்கல் கணக்கில் அவர் செய்த பிழை இழுப்பறைகளோடு நின்றிருந்தால் யாருக்கும் கேடில்லை. 1894 இல் அது ஒரு மனிதரின் வாழ்வின்மீது விழுந்தது.

அவ்வாண்டு, பாரீஸிலிருந்த ஜெர்மன் இராணுவப் பிரதிநிதியின் அலுவலகக் குப்பைக் கூடையிலிருந்து ஒரு கடிதம் பிரெஞ்சு ஒற்றர்களின் கைக்கு வந்தது. பிரெஞ்சு இராணுவ இரகசியங்களை விற்க முன்வரும் கையொப்பமில்லாத கடிதம். ஆல்ஃபிரட் டிரைஃபஸ் என்ற யூதரான இராணுவக் காப்டன் மீது ஐயம் விழுந்தது. கையெழுத்தை ஆராய்ந்த பாங்க் நிபுணர் ஒருவர், வேறொருவர் எழுதியிருக்கலாம் என்று சொல்லிவிட்டார். உடனே பெர்ட்டிலானை நாடினர். எலும்பை அளப்பதில் வல்லவர். கையெழுத்து ஆய்வில் அவருக்குப் பயிற்சி கிடையாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டிரைஃபஸே எழுதியவர் என்று முடிவு கூறினார்.

எழுத்துகளில் வேற்றுமைகள் இருக்கின்றனவே என்று கேட்டால், தாம் அகப்பட்டால் மறுப்பதற்காக டிரைஃபஸ் தம் கையெழுத்தைத் தாமே போலியாக எழுதியிருக்கிறார் என்றார். ஒற்றுமை இருந்தால் அவர் எழுதியதால்; வேற்றுமை இருந்தால் அவர் மாற்றி எழுதியதால். எப்படிப் பார்த்தாலும் ஒரே முடிவு வரும் ஆய்வை ஆய்வு என்று எப்படிச் சொல்வது? எந்தச் சோதனையாலும் பொய்யாக்க முடியாத கருத்தை எங்கள் ஆய்வகக் குறிப்பேட்டில் எழுதினால் பேராசிரியர் சிவப்பு மை கொண்டு அடித்துவிடுவார். இராணுவ நீதிமன்றம் அடிக்கவில்லை. பெர்ட்டிலானின் வரைபடங்கள் நீதிபதிகளுக்கு விளங்கியிருக்குமா என்பதே ஐயம். அவருடைய புகழ் விளங்கியது. மறைவாக அளிக்கப்பட்ட வேறு ஆவணங்களும் சேர்ந்துகொண்டன. 1895 ஜனவரியில் டிரைஃபஸின் பதவிச் சின்னங்கள் படை வரிசையின் முன் பிய்த்தெறியப்பட்டன. தென் அமெரிக்கக் கரையோரத்திலுள்ள பேய்த் தீவு என்னும் சிறைக்கு அவர் அனுப்பப்பட்டார்.

1896 இல் பிக்கார் என்ற அதிகாரி எஸ்தர்ஹாசி என்ற மற்றோர் இராணுவத்தானின் கடிதங்களைக் கண்டார். அதே எழுத்து. பெயரை மறைத்துப் பெர்ட்டிலானிடம் காட்டினார். குப்பைக் கூடைக் கடிதத்தின் எழுத்தேதான் என்று பெர்ட்டிலான் உடனே கூறினார். இது அண்மையில் எழுதப்பட்டது என்று பிக்கார் சொன்னதும், அப்படியானால் யூதர்கள் அந்தக் கையெழுத்தைப் பழகுமாறு ஒருவனைத் தயார் செய்திருக்கிறார்கள் என்று கூறிவிட்டார். உண்மை அவர் மேசைமீதே வந்து அமர்ந்தது. அவர் அதை ஏற்கவில்லை. அன்றைய பிரான்சில் பரவியிருந்த யூத வெறுப்பு, அளவுகோல் பிடித்த கையையும் விட்டுவைக்கவில்லை.

அவருடைய கணக்கை 1904 இல் ஆராய்ந்து தகர்த்தவர்கள் மூன்று பெரிய கணித அறிஞர்கள்: ஆன்றி புவாங்கரே, தார்பூ, அப்பெல். அவர்கள் சுட்டியவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே கூறுகிறேன். அக்கடிதத்தில் பதின்மூன்று நீண்ட சொற்கள் இருமுறை வருகின்றன. அவற்றின் தொடக்கமும் முடிவும் சேர்ந்து 26 இடங்கள். அவற்றுள் நான்கில் ஒரு குறிப்பிட்ட பொருத்தம் இருப்பதைப் பெர்ட்டிலான் கண்டார். ஒரு பொருத்தத்தின் வாய்ப்பு 0.2 என்று கொண்டு, நான்கு முறை பெருக்கி 0.0016 என்றார். தற்செயலாக இப்படி நேர வாய்ப்பே இல்லை, ஆகவே திட்டமிட்ட வேலை என்றார். ஆனால் 0.0016 என்பது நான்கே இடங்கள் இருந்து நான்கிலும் பொருந்துவதற்கான வாய்ப்பு. இருப்பவையோ 26 இடங்கள். ஈருறுப்புப் பரவலைக் கொண்டு நானே கணக்கிட்டுப் பார்த்தேன்: 26 இல் நான்கேனும் பொருந்த வாய்ப்பு ஏறத்தாழ 0.79 வருகிறது. நூற்றில் எழுபத்தொன்பது முறை தானாகவே நிகழக்கூடிய ஒன்றைச் சதிக்குச் சான்றாகக் காட்டினார். விடையை எழுதி முடித்தபோது இரவு பன்னிரண்டு மணி. நெடுநேரம் உறக்கம் வரவில்லை. நாங்கள் தேர்வில் செய்தால் ஐந்து மதிப்பெண் போகும் பிழை. அங்கே ஒருவருக்கு ஐந்தாண்டுக்கு அருகில் சிறை. 1899 இல் மன்னிப்புப் பெற்று வெளிவந்த டிரைஃபஸ் குற்றமற்றவர் என்று உயர்நீதிமன்றம் அறிவித்தது 1906 ஜூலையில்தான்.

இதற்கிடையில் அளவு முறையை வீழ்த்தும் பகை வேறு திசையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதன் பெயர் கைரேகை. 1858 இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் ஒப்பந்தத் தாளில் கைப் பதிவு வாங்கத் தொடங்கியிருந்தார். ஜப்பானில் மருத்துவராக இருந்த ஹென்றி ஃபோல்ட்ஸ், ரேகைகளைத் தேய்த்து அழித்தாலும் அவை பழையபடியே முளைக்கின்றன என்று கண்டு, குற்றவாளியை அறிய அவை உதவும் என 1880 இல் எழுதினார். கால்ட்டன் 1892 இல் நூலே வெளியிட்டார். அதே ஆண்டு அர்ஜென்டினாவில் வுசெட்டிச்சின் முறையால் ஒரு கொலை வழக்கு துலங்கியது.

ஆனால் இலட்சம் ரேகைகளை எப்படி அடுக்குவது? இந்தச் சிக்கல் அவிழ்ந்தது கல்கத்தாவில். வங்காளப் போலீஸ் தலைவர் எட்வர்ட் ஹென்றியின் கீழ்ப் பணியாற்றிய அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரு இந்தியர்களின் உழைப்பு அது. பத்து விரல்களின் சுழிகளைக் கொண்டு 32 பெருக்கல் 32, அதாவது 1,024 அறைகளில் அட்டைகளை அடுக்கும் கணித முறையை வகுத்ததில் ஹக்கின் பங்கு பெரிது. 1897 இல் கல்கத்தாவில் உலகின் முதல் கைரேகைப் பணியகம் அமைந்தது. அங்கே அதுவரை நடைமுறையிலிருந்த பெர்ட்டிலான் முறை கைவிடப்பட்டது. 1901 இல் லண்டனும் மாறியது. முறைக்கு ஹென்றியின் பெயர் நிலைத்தது. ஹக்குக்குப் பின்னாளில் கான் பகதூர் பட்டம் கிடைத்தது.

ஃபோல்ட்ஸ் சொன்னதைப் படித்தபோது எனக்கு என் தாயாரின் நினைவு வந்தது. அவர் கையெழுத்திடத் தெரியாதவர். கட்டைவிரலே அவர் கையொப்பம். செங்கல் அடுக்கி அடுக்கி விரல் வழவழவென்று தேய்ந்திருக்கும். ரேஷன் கடை இயந்திரத்தில் ஒவ்வொரு விரலாக மாற்றி மாற்றி வைப்பார். இயந்திரம் அவரை அவரென்று ஏற்காது. மழைக்காலத்தில் சூளை மூடிப் பத்து நாள் வீட்டிலிருந்தால் ரேகை மீண்டும் எழும்பிவிடும். அப்போது வைத்தால் முதல் முறையே ஏற்கும். இதை எங்கள் வீட்டில் அனைவரும் அறிவோம். ஒரு விஞ்ஞானி 1880 இலேயே எழுதி வைத்திருக்கிறார் என்பதைக் கல்லூரிக்கு வந்த பின்னரே அறிந்தேன்.

கைரேகைக்கு நம் நாட்டில் வேறொரு வரலாறும் உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ், குற்றமே செய்யாதவர்களிடமும் பிறந்த குலத்தின் பெயரால் ரேகை வாங்கினர். தென்பாண்டி நாட்டில் அதற்குக் கைரேகைச் சட்டம் என்றே பெயர். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் ரேகை தர மறுத்த மக்கள்மீது போலீசார் சுட்டதில் ஒரு பெண் உட்படப் பலர் மாண்டனர். பெர்ட்டிலானின் நாட்டிலும் 1912 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஊர் ஊராகத் திரியும் நாடோடி மக்கள் தம் உடலளவுகள் எழுதிய ஏட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டுமென்றது. 1969 வரை அது நீடித்தது.

பெர்ட்டிலான் கைரேகையை அறவே வெறுத்தார் என்று சில நூல்கள் எழுதுவது முழு உண்மையன்று. 1894 முதலே தம் அட்டைகளில் வலக்கை விரல்கள் சிலவற்றின் பதிவைச் சேர்த்து வந்தார். ஆனால் அதைத் துணை அடையாளமாக மட்டுமே கொண்டார். அட்டைகளை அடுக்குவது எலும்பளவால்தான் என்று பிடிவாதமாக இருந்தார். 1902 அக்டோபரில் பாரீஸில் ஒரு பல் மருத்துவரின் இல்லத்தில் பணியாள் கொலையுண்டார். உடைந்த கண்ணாடியில் விரல் பதிவுகள் இருந்தன. அவற்றைப் படமெடுத்துத் தம் அட்டைகளோடு ஒப்பிட்டு, ஷெஃபர் என்பவனே கொலையாளி என்று பெர்ட்டிலான் காட்டினார். விரல் பதிவைக் கொண்டே கொலையாளியைக் கண்டறிந்த முதல் வழக்குகளுள் ஐரோப்பாவில் இதுவும் ஒன்று. தம் முறைக்குச் சாவோலை எழுதியவரும் அவரே!

1911 ஆகஸ்டில் லூவர் அருங்காட்சியகத்திலிருந்து மோனாலிசா ஓவியம் களவு போனது. கழற்றி எறியப்பட்ட கண்ணாடியில் கட்டைவிரல் பதிவு ஒன்று தெளிவாக இருந்தது. திருடிய பெருஜா என்ற இத்தாலியத் தொழிலாளி முன்பே பாரீஸில் கைதானவன். அவனுடைய அட்டை பெர்ட்டிலானின் இழுப்பறைகளில்தான் இருந்தது. ஆனால் கண்ணாடியில் பதிந்தது இடக்கை விரல். அட்டையில் இருந்தது வலக்கை. அட்டைகள் ரேகையின்படி அடுக்கப்படவும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓவியம் பாரீஸிலேயே ஒளிந்திருந்தது. 1913 டிசம்பரில் ஃபிளாரன்ஸ் நகரில் அதை விற்க முயன்று பெருஜா தானே அகப்பட்டான். அகில உலகமும் சிரித்தது.

அப்போது பெர்ட்டிலான் நோயாளி. இரத்தச் சோகை உடலை வாட்டியது. கண் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. டிரைஃபஸ் வழக்கில் தாம் தவறியதை ஒப்புக்கொண்டால் அரசின் உயர்ந்த விருது தரப்படும் என்று தூது வந்ததாகவும், படுக்கையிலிருந்தே அதை மறுத்துவிட்டதாகவும் சொல்லப்படுகிறது. உறுதி என்பதா, ஆணவம் என்பதா? நான் ஆணவம் என்றே கருதுகிறேன். என் வகுப்பு நண்பர் ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. தாம் உண்மையென்று நம்பியதை விருதுக்காக மாற்றாதவர் என்று அவர் வாதிட்டார். வாதம் விடுதி உணவுக்கூடம் வரை நீண்டது.

1914 பிப்ரவரி 13 அன்று அவர் இறந்தார். அதன்பின் பிரான்சும் கைரேகைக்கு மாறியது. மண்டை அளக்கும் கருவிகள் காட்சிப் பொருள்களாயின. அவரிடமிருந்து ஊக்கம் பெற்ற எட்மண்ட் லொக்கார் 1910 இல் லியோன் நகரில் தொடங்கியிருந்த போலீஸ் ஆய்வுக்கூடம், தூசியையும் இழையையும் கொண்டு குற்றம் கண்டறியும் புதிய காலத்தைத் திறந்தது.

நேர்முகமும் பக்கவாட்டுமாக எடுக்கும் அந்த இரட்டைப் புகைப்படம் மட்டும் உலகின் காவல் நிலையங்களில் இன்னும் வாழ்கிறது. பெர்ட்டிலான் தம்மையும் அந்த நாற்காலியில் அமர்த்திப் படமெடுத்து அட்டை எழுதி வைத்திருந்தார். தாடியும் மீசையுமாக, கண்ணை நேரே வைத்துக்கொண்டு ஒரு படம். காது தெரியத் திரும்பி ஒரு படம். பெயர் எழுதும் இடத்தில் அவருடைய உண்மைப் பெயரே இருக்கிறது.